எண்பத்தொன்பது அடி

பளுகல் செக்போஸ்ட்டுக்கு இந்தப் புறம்
இரண்டே முக்கால் சென்ட்.
நீளவாக்கில் நான் நடந்தால் இருபத்தொரு எட்டு,
ஞானசிகாமணி நடந்தால் பதினேழு.
ஆளுக்கு ஆள் சுருங்கும் நிலத்தில்
வீடு குறிக்க
பாறசாலையிலிருந்து வந்தார் சசிதரன் மேசிரி.
நம்மூர் எஞ்சினீயரைவிட நாலாயிரம் குறைவு,
சாயா மட்டும் அடிக்கடி கேட்பார்.

கையிருப்பைச் சொன்னேன்.
சங்கத்துக் கடன் ஐந்து,
மகளிர் குழு ஒன்று,
சீட்டு விழுந்தால் இரண்டு,
கழுத்தில் கிடப்பதை வைத்தால் ஒன்றரை.
"ஒன்பதரை" என்றார் மேசிரி,
நோயாளியின் காய்ச்சலைச் சொல்வது போல.

இருபத்துமூன்றுக்கு இருபது.
ஒரு மூலையில் அடுக்களை,
அதன் முதுகில் குளியலறை, ஒரே குழாய்ச் செலவு.
பெனிட்டாவுக்கு மேசை தனியாக வேண்டாம்,
ஜன்னலின் அடிப்பலகையை அகலமாக வார்த்துவிடலாம்.
மாடிப்படி வேண்டவே வேண்டாம் என்றேன்.
"தூண்கம்பியை மட்டும் மேலே ரெண்டடி விட்டுவைப்போம்"
என்றார் ஞானசிகாமணி,
யார் முகத்தையும் பாராமல்.
மேசிரி அதையும் எழுதிக்கொண்டார்:
ஆறாயிரம்.

பிறகு சுற்றளவு.
எண்பத்தாறு அடி.
கோலாக்கி, பெருக்கி, வகுத்து,
பென்சிலைக் காதில் செருகிவிட்டார்.
"மரணச்சுற்றாணு."

அவர்கள் கணக்கில் வீட்டுக்கு வயது உண்டாம்.
பாலியம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்கியம்,
கடைசியில் அது.
நாங்கள் சபைக்காரர்,
நாளும் பார்ப்பதில்லை, கோளும் பார்ப்பதில்லை.
ஆனாலும் காதில் விழுந்துவிட்டது,
செருப்புக்குள் கல் போல
நடக்கும்போதெல்லாம் இருந்தது.

ஒன்றரை அடி நீட்டினால் போதும் என்றார்,
மரணம் தாண்டினால் மறுபடி பாலியம்.
ஒன்றரைக்கு இருபது, முப்பது சதுர அடி,
ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
"மரணத்திலேயே இருந்துக்கலாம்,
வாடகை வீட்டுல மட்டும் என்ன
யௌவனத்திலயா கிடக்கோம்?"
ஞானசிகாமணி சிரித்தார்.
மேசிரி சிரிக்கவில்லை.

ராத்திரி, பெனிட்டா தின்னாமல் வைத்த
ஆரோரூட் பிஸ்கட்டின் விளிம்பில்
ஓர் எறும்பு சுற்றிக்கொண்டிருந்தது.
சதுர பிஸ்கட்.
மூலையில் சதுரமாகக் கிள்ளினேன்,
எறும்புக்கு அதே நடைதான்.
பக்கத்தின் நடுவில் கிள்ளினேன்,
உள்ளே இறங்கி, திரும்பி, ஏறி
கூடுதலாக நடந்தது.
பிஸ்கட் குறைய, வழி நீண்டது.
விளக்கை அணைத்த பிறகும்
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தேன்.

விடிந்ததும் வடக்குச் சுவர்,
அதாவது சுண்ணாம்புக் கோடு,
ஏழடி நீளத்துக்குக் காலால் அழித்து
ஒன்றரை அடி உள்ளே தள்ளி வரைந்தேன்.
பத்தரைச் சதுர அடி போயிற்று.
சுற்று எண்பத்தொன்பது.

மேசிரி இரண்டு தடவை வகுத்தார்.
பிறகு சாயா கேட்டார்.
குடித்துவிட்டு,
"பாலியம்" என்றார்.
"சாஸ்திரம் இதை சம்மதிக்குமோ எந்தோ!"
எனக்குக் கேட்கவில்லை,
தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

நேசய்யன் அண்ணன் மதிலுக்கும் எங்கள் சுவருக்கும்
இடைவழி மூன்றடி.
அதில் பைக் நின்றால்
கிணற்றுக்குப் போகிறவர் பக்கவாட்டில்தான் போகவேண்டும்.
இனி பைக் குழிவுக்குள் நிற்கும்.
இதை முதலிலேயே யோசித்ததாக
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வானம் தோண்டுவதற்கு முந்தின நாள்,
நாலு மணிக்கு ரப்பர் வெட்டப் போகும் வழியில்
நெற்றி விளக்கோடு இறங்கினார் ஞானசிகாமணி.
எஞ்சினை நிறுத்தி,
கோட்டை மிதிக்காமல் வழியோடு தள்ளிவந்து
குழிவுக்குள் நுழைத்து, சாய்த்து,
ஸ்டாண்டு போட்டார்.
ஹேண்டிலுக்கும் காற்றுக்கும் நடுவே
நாலு விரல் இடம்.

"முட்டிச்சா?"

நான் படுக்கையறையில் நின்றுகொண்டிருந்தேன்.
தலைக்கு மேல் பனி.

"இல்ல. மெள்ளப் பேசுங்க" என்றேன்,
"பிள்ள உறங்குது."